உப்பில்லா நாள்

ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் பகுதிக்குத் தலைவியாக இருந்தவளை எல்லோரும் மாவக்கா என்றார்கள். அடுப்புப் பகுதிக்குத் தலைவனாக இருந்தவனை அடுப்பண்ணன் என்றார்கள். அவள் அவனை அண்ணே என்பாள், அவன் அவளை அக்கா என்பான். இதைக் கேட்டு யாரும் மயங்கிவிட வேண்டாம். 'வயதானவன் நீதான்' என்று அவள் சொல்ல, 'கிழவி நீதான்' என்று அவன் திருப்பிச் சொல்வதுதான் அந்த அண்ணனுக்கும் அக்காவுக்கும் பொருள். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. யார் மூத்தவர் என்பது கடவுளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்தான் தெரியும். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சண்டைக்குக் காரணமும் அந்தப் பெற்றவர்கள்தான். இன்னும் சரியாகச் சொன்னால், உப்பு.

அந்தத் தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒரு நாள் உப்பு போடாமல் ரொட்டி சுடுவார்கள். விற்பதற்கல்ல, தாங்கள் சாப்பிடுவதற்கு. கடைகளுக்குப் போக வேண்டியதெல்லாம் காலையில் போனபின், ஓர் ஈடு மட்டும் உப்பில்லாமல் பிசைந்து சுட்டு, நண்பகலில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து தேநீரோடு தின்பார்கள். அதன்பின் விடுமுறை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது ஊர்ப் பழமொழி. இவர்களுக்கு அதுவே விருந்து.

அந்த நாளுக்கென்று சில சம்பிரதாயங்களும் வளர்ந்திருந்தன. ரொட்டியைக் கத்தியால் வெட்டக் கூடாது, கையால்தான் பிய்க்க வேண்டும். ஏனென்றால் ஒரு வருடம் கத்தி காணாமல் போயிற்று, அவ்வளவுதான். மறுநாளே கத்தி கிடைத்துவிட்டது. ஆனாலும் பிய்ப்பது பழக்கமாகி, பழக்கம் புனிதமாகிவிட்டது. முன்கதவைப் பாதி மட்டும்தான் திறந்து வைப்பார்கள். ஒரு காலத்தில் அதன் கீல் துருப்பிடித்து, அதற்கு மேல் திறக்க மறுத்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பயபக்தியோடு கதவைப் பாதியில் நிறுத்துவதைப் பார்த்தால் அந்தக் கீலுக்கே தன்மேல் மரியாதை வந்துவிடும். பெரிய பெரிய திருநாட்களெல்லாம்கூட இப்படித்தான் வளர்ந்திருக்கும் போலிருக்கிறது. மனிதர்களுக்குக் காரணம் மறந்துபோகும், காரியம் மறப்பதில்லை.

மாவுக்காரர்கள் ஒரு வரிசை, அடுப்புக்காரர்கள் ஒரு வரிசை, முதுகோடு முதுகாக உட்காருவார்கள். இந்தச் சம்பிரதாயம் மட்டும் தற்செயலாக வந்ததல்ல.

அந்த நாள் எப்படித் தொடங்கியது என்பதில் பாதிக் கதைக்கு இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும். அப்போது பெரிய முதலாளியின் காலம். மூக்கின்மேல் கோபம் குடியிருந்த மனிதர். ஒரு கல்யாண வீட்டுக்கு வண்டி நிறைய ரொட்டி கேட்டிருந்தார்கள். சுட்டு அடுக்கியபின் முதலாளி ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார், துப்பினார். உப்பே இல்லை. அந்த நாட்களில் உப்பை அப்படியே மாவில் கொட்டமாட்டார்கள். அடுப்புக்காரர் வெந்நீரில் உப்பைக் கரைத்து ஒரு வாளியில் வைப்பார். பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு வாளியில் வெறும் வெந்நீர் இருக்கும். மாவு பிசைபவர் வந்து வாளியை எடுத்துப் போவார். ஆகவே உப்பு இல்லையென்றால் ஒன்று அடுப்புக்காரர் கரைக்க மறந்திருக்க வேண்டும், அல்லது மாவுக்காரர் வாளியை மாற்றி எடுத்திருக்க வேண்டும். "யார் மறந்தது? அவன் இப்பவே வீட்டுக்குப் போகட்டும்" என்று முதலாளி கத்தினார். ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் தரையில் உட்கார்ந்து அந்த ரொட்டியைத் தின்றார்கள். கடைசியில் முதலாளியே சிரித்துக்கொண்டு தானும் உட்கார்ந்து தின்றார். கல்யாண வீட்டுக்குச் சாயங்காலம் வேறு ரொட்டி போயிற்று.

மீதிப் பாதியில்தான் வெட்டுக்குத்து. அன்று நேரில் பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை. மாவுக்காரர்கள் சொன்னார்கள்: கரைக்க மறந்தது அடுப்புக்காரர், முதலில் தரையில் உட்கார்ந்து தின்று அவர் வேலையைக் காப்பாற்றியது மாவுக்காரர். அடுப்புக்காரர்கள் அதையே தலைகீழாகச் சொன்னார்கள். அந்த மாவுக்காரரின் மகள்தான் மாவக்கா. அந்த அடுப்புக்காரரின் மகன்தான் அடுப்பண்ணன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பிட மறந்தவரையும் உள்ளளவும் நினைக்கிற இடம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்தச் சண்டை முற்றிய வருடம் தொழிற்சாலைக்குப் புது முதலாளி வந்திருந்தாள். பெரிய முதலாளியின் பேத்தி. கெட்டவள் அல்ல, அவசரக்காரி. உப்பில்லா நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எல்லோரையும் முற்றத்தில் கூட்டினாள்.

"இந்த நாளுக்குப் பின்னால ஒரு நல்ல கதை இருக்காம். முன்பக்கச் சுவர்ல அதை எழுதப் போறேன். வர்றவங்க போறவங்க படிக்கட்டும். ரெண்டு பெரியவங்க படத்தையும் பெருசாக்கி மாட்டுவோம். ஒருத்தர் படத்துக்குக் கீழே 'உப்பை மறந்தவர்', இன்னொருத்தர் படத்துக்குக் கீழே 'அவரைக் காத்தவர்'. எது யாருன்னு சொல்லுங்க."

"மறந்தவர் அவங்கப்பா" என்று மாவக்காவும் அடுப்பண்ணனும் ஒரே மூச்சில் சொன்னார்கள். பிறகு இரு தரப்பும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கின.

"வாளியைப் பார்த்து எடுக்கத் தெரியாத கண்ணு. கண்ணாடி வாங்கிக் குடுத்திருக்கணும்."

"கரைச்சாத்தானே எடுக்கறதுக்கு. உங்காளு அடுப்பைப் பார்த்துக்கிட்டே தூங்கியிருப்பார்."

"எங்காளு தூங்கினா ரொட்டி கரியாயிருக்கும். கரிஞ்சதா?"

"கரியாததுதான் உங்க பகுதியில அதிசயம்."

முதலாளியம்மா கையைத் தட்டினாள். "போதும். அந்த நாள் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நீங்க ரெண்டு பேரும் வாங்க. உங்க உங்க அப்பா உங்ககிட்ட என்ன சொன்னார்னு சொல்லுங்க. ஒரே கதையா வந்தா சுவர்ல ஏறும். அப்பவும் அடிச்சுக்கிட்டீங்கன்னா அடுத்த வருஷத்துல இருந்து அது சாதாரண வேலை நாள். சண்டை போடறதுக்கு நான் விடுமுறை தர முடியாது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் யாருக்கும் அது பிடிக்கவில்லை.

அந்த ஒரு வாரமும் தொழிற்சாலையில் தீ அடுப்புக்கு வெளியேதான் அதிகம் எரிந்தது. மாவுப் பகுதியிலிருந்து போன தட்டுகளை அடுப்புப் பகுதி திருப்பி அனுப்பியது. "மாவு பொங்கலை. உங்க பேச்சுதான் பொங்குது." மாவுப் பகுதி அடுத்த தட்டுகளை வேண்டுமென்றே மெதுவாக அனுப்பியது. சூடான அடுப்பு காத்துக் கிடந்தது. ரொட்டியின் அடி கறுத்தது. கடைக்காரர்கள் திட்டினார்கள். மாவுப் பகுதியில் கட்டை என்று ஒருத்தி இருந்தாள். உருவத்தில் குள்ளம், குரலில் கோபுரம். அவள் தேநீர்ப் பானையை அடுப்புக்காரர்களுக்கு எட்டாமல் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். அவர்கள் சொந்தமாக ஒரு பானை வாங்கி வந்து, அதைக் கழுவும்போதெல்லாம் மாவுப் பகுதி வாசலில் தண்ணீரைக் கொட்டினார்கள்.

ஒரு நாள் காலை மாவக்கா அந்த ஈரத்தில் வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு தப்பினாள். எதிரே அடுப்பண்ணன் நின்றிருந்தான்.

"பார்த்து, அக்கா. வயசான காலத்துல எலும்பு ஒட்டாது."

"எனக்கு ஒட்டுதோ இல்லையோ, உங்கப்பா படத்துக்குக் கீழே அந்த எழுத்து நல்லா ஒட்டும், அண்ணே."

அவன் முகம் கறுத்தது. "எங்கப்பா பேரை எடுத்தா நாக்கு வெந்துடும். அந்த நாள் வரட்டும். ரொட்டியைக் கையில வச்சுக்கிட்டு சொல்லு. சோத்தைக் கையில வச்சுக்கிட்டுப் பொய் சொல்றவங்க இன்னும் பொறக்கலை. நீ சொல்லு, பார்க்கறேன்."

"சொல்றேன்" என்றாள் மாவக்கா. சொல்லிவிட்டாள். ஆனால் உள்ளே போய் மாவில் கை வைத்தபோது கை நின்றது.

அவளுக்குத் தெரிந்த ஒன்று மற்றவர்களுக்குத் தெரியாது. அவள் அப்பா வீட்டில் அந்தக் கதையைச் சொன்னதே வேறு விதம். "நான்தாம்மா வாளியை மாத்தி எடுத்துட்டேன். என் தப்புதான்" என்றுதான் அவர் சொல்வார். கேட்கும்போதெல்லாம் அதையேதான் சொல்வார். வருத்தப்பட்டுக்கூடச் சொல்வதில்லை. ஏதோ நல்ல மழை பெய்த நாளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளை 'உப்புச் சப்பில்லாதவள்' என்று கூப்பிட்டார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் அவர் தலையைத் தடவுவாரே தவிர, 'நான் மறக்கவில்லை' என்று ஒரு முறையும் சொல்லவில்லை. அவர் போனபின் அவள் அதே தொழிற்சாலையில் சேர்ந்தாள். யாரோ ஒருவன் 'உப்பை மறந்தவர் பொண்ணா?' என்று கேட்டான். 'மறந்தது அடுப்புக்காரர்' என்று அவள் வாய் தானாகச் சொன்னது. சொன்னதைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற மற்றொன்று. பொய் ஒரு வீடு மாதிரி. ஒரு சுவர் எழுப்பினால் நாலு சுவரும் எழுப்பத்தான் வேண்டும்.

அன்று மாலை வீட்டில் அவள் அரிசி களைந்துகொண்டே கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் அதே தொழிற்சாலையில் ரொட்டி வண்டி ஓட்டுபவன். எந்தத் தரப்பிலும் சேராதவன். சேராததற்காக இரண்டு தரப்பிடமும் திட்டு வாங்குபவன்.

"உண்மையைச் சொல்லிடேன்" என்றான்.

"சொன்னா? அப்பா படத்துக்குக் கீழே 'உப்பை மறந்தவர்'னு எழுதுவாங்க. நான் தினமும் அதைப் பார்த்துக்கிட்டே உள்ளே போகணும். அந்த அடுப்படிக் கரிமூஞ்சி பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பான்."

"அப்போ பொய்யைச் சொல்லிடு."

"உங்ககிட்ட வந்து யோசனை கேட்டேன் பாருங்க. என்னைச் சொல்லணும்."

"நான் வண்டி ஓட்டறவன். இடதா வலதான்னு கேட்டா சொல்வேன். நீ ரெண்டு பக்கமும் போக முடியாதான்னு கேக்கறே."

அவள் களைந்த தண்ணீரை வேகமாகக் கொட்டினாள். கொஞ்சம் அரிசியும் சேர்ந்து போயிற்று. பேச்சு அதோடு முடிந்தது. படுக்கும் முன் எப்போதும்போலக் கடவுள் முன் கை கூப்பினாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. பொய்க்குத் துணை கேட்க வெட்கமாக இருந்தது. உண்மைக்குத் துணை கேட்கப் பயமாக இருந்தது. ஒன்றும் கேட்காமலே எழுந்தாள். அப்படி எழுந்ததும் ஒரு பிரார்த்தனைதான் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

உப்பில்லா நாள் வந்தது. முன்கதவு பாதி திறந்திருந்தது. சுவரைப் புதிதாக வெள்ளையடித்து, இரண்டு படங்களையும் மாட்டியிருந்தார்கள். படங்களுக்குக் கீழே எழுத்து வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. எழுத்து வரைபவர் ஏணியில் ஒரு படி ஏறி, தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு, யார் எது என்று சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

மாவக்கா அப்பாவின் படத்தைப் பார்த்தாள். பிறகு வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே அடுத்த படத்தைப் பார்த்தாள். ஒட்டிய கன்னம், புகையில் சுருங்கிப் பழகிய கண்கள். அந்தக் கண்களைப் பெரிதாக்கிப் பார்த்ததும் பழைய ஒன்று நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் அப்பாவுக்காக இங்கே வாசலில் நிற்பாள். அந்த மனிதர் அடுப்பிலிருந்து ஒரு குட்டி ரொட்டியை எடுத்து வந்து தருவார். தருவதற்கு முன் ஊதுவார். அவசரமில்லாமல், பிள்ளையின் விரல் சுடாத அளவுக்கு ஆறும்வரை ஊதுவார். நாளெல்லாம் நெருப்போடு நின்ற மனிதர் தன் மூச்சை இன்னொருவர் பிள்ளைக்காகச் செலவழிப்பார். இத்தனை வருடச் சண்டையில் அந்த மூச்சை அவள் எங்கோ தொலைத்திருந்தாள். இந்த முகத்துக்குக் கீழே பொய்யை எழுதச் சொல்லவேண்டும்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள், முதுகோடு முதுகாக. சூடான ரொட்டி தட்டுகளில் வந்தது. முதலாளியம்மாவும் ஒரு பலகையில் உட்கார்ந்தாள்.

"சரி, மூத்தவங்க முதல்ல சொல்லுங்க."

"அண்ணன் இருக்கும்போது நான் எப்படி?" என்றாள் மாவக்கா.

"அக்கா முன்னாடி நான் வாயைத் திறக்கலாமா?" என்றான் அடுப்பண்ணன்.

"ரெண்டு பேரும் வாயை மூடினா எனக்குச் சாயம் காஞ்சிடும்" என்றார் எழுத்து வரைபவர்.

அடுப்பண்ணன் எழுந்து ஒரு ரொட்டியை எடுத்து மாவக்காவின் கையில் வைத்தான். வைத்தான் என்பதைவிட அழுத்தினான் என்பது சரி. "சொல்லு. சோறு கையில இருக்கு. உங்கப்பன் உன்கிட்ட என்ன சொன்னான்?"

அவன் 'உங்கப்பன்' என்றதும், 'சொன்னான்' என்றதும் மாவுக்காரர்களின் வரிசை கொதித்தது. "மரியாதையாப் பேசு" என்று கட்டை எழுந்தாள். அடுப்புக்காரர்களில் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒரு தேநீர்க் குவளை உருண்டது. யாரோ யாரையோ தோளில் தள்ளினார்கள்.

"சொல்லுங்கக்கா, அவன் மூஞ்சியில அடிக்கற மாதிரி சொல்லுங்க" என்றாள் கட்டை.

ரொட்டி கையில் சுட்டது. மாவக்கா வாயைத் திறந்தாள். 'உங்கப்பாதான்' என்று தொடங்குவதற்கு நாக்கு தயாராகத்தான் இருந்தது. அத்தனை வருடமாகப் பழகிய வார்த்தை. ஆனால் வயிற்றுக்குள் போகவேண்டிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வார்த்தையை வெளியே விட முடியவில்லை.

"எங்கப்பா சொன்னது..." அவள் ரொட்டியைப் பார்த்தாள். "நான்தான் வாளியை மாத்தி எடுத்துட்டேன்னு சொன்னார். எப்பவும் அப்படித்தான் சொன்னார். நான்தான் வெளியே மாத்திச் சொன்னேன்."

மாவுக்காரர்கள் வரிசையிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. அடுப்புக்காரர்கள் வரிசையில் ஒருவன் சீட்டியடித்தான். "விழுந்துச்சு பாரு விக்கெட்டு. எழுதுங்கண்ணே, அந்தப் படத்துக்குக் கீழே எழுதுங்க."

எழுத்து வரைபவர் காதிலிருந்து தூரிகையை எடுத்தார்.

மாவக்கா தலையை நிமிர்த்தி அடுப்பண்ணனைப் பார்த்தாள். சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. அவன் முகம் அடுப்புக் கதவைத் திறக்கும்போது அடிக்கிற அனல்போலச் சிவந்துகொண்டு வந்தது.

"உன்னை யாரு உண்மையைச் சொல்லச் சொன்னது?" என்று கத்தினான்.

"நீதானே சொன்னே. சோத்தைக் கையில குடுத்துட்டு."

"குடுத்தா? அதுக்காகச் சொல்லிடறதா? இத்தனை வருஷமா வாய் கிழியப் பேசினவ, இன்னிக்கும் பேசிட்டுப் போக வேண்டியதுதானே. நீ பொய் சொல்லியிருந்தா நானும் சொல்லிட்டு நிம்மதியாப் போயிருப்பேன்."

"நீங்க எதுக்குப் பொய் சொல்லணும்?" என்று முதலாளியம்மா கேட்டாள். அவளுக்குப் புரியவில்லை. யாருக்குமே புரியவில்லை.

அடுப்பண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். திட்டுவதுபோலத்தான் பேசினான். "எங்கப்பனும் அதையேதான் சொல்லித் தொலைச்சார். 'நான்தாண்டா உப்பு கரைக்க மறந்துட்டேன். மாவுக்காரன் மேல தப்பே இல்லை.' சாகறவரைக்கும் இதுதான் பேச்சு. முதலாளி கேட்டப்போ ரெண்டு பேரும் ஒண்ணா எழுந்து நின்னு நான்தான் நான்தான்னு சொன்னாங்களாம். அவர் ஒருத்தரை அனுப்பணும்னா ரெண்டு பேரையும் அனுப்பணும். ரெண்டு பேரையும் அனுப்பினா மறுநாள் தொழிலே நடக்காது. அதுக்கப்புறம்தான் எல்லாரும் உட்கார்ந்து தின்னாங்களாம். எங்கப்பன் சொன்னதை ஊருக்குச் சொன்னா, மறந்தவன் மகன்னு என்னைத்தானே சொல்லுவீங்க. அதனால சொல்லலை. போதுமா?"

மாவக்காவுக்கு அப்பாவின் குரல் காதில் கேட்டது. வருத்தமே இல்லாமல், நல்ல மழை பெய்த நாளைச் சொல்வதுபோல. அந்தக் குரலில் வருத்தம் ஏன் இல்லை என்பது இப்போதுதான் விளங்கியது. தனக்காக ஒருவன் எழுந்து நின்ற நாளைப் பற்றி யார் வருத்தத்தோடு பேசுவார்கள்? பெற்றவர்கள் பழியை ஆளுக்கு ஒரு கைப்பிடி அள்ளித் தங்கள் தலையில் போட்டுக்கொண்டார்கள். பிள்ளைகள் அதையே அள்ளி அடுத்தவர் முகத்தில் எறிந்தார்கள். ஒரே மண்தான்.

கட்டைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அதெல்லாம் இல்லை. மறந்தது எங்காளுதான். வாளியை மாத்தி எடுத்தேன்னு அவரே சொல்லியிருக்கார்."

"அதெப்படி?" என்று அடுப்புக்காரர்களில் ஒருவன் எழுந்தான். "கரைக்கவே இல்லைன்னு எங்காளு சொல்றார். கரைக்காதப்போ எந்த வாளியை எடுத்தா என்ன? மறந்தது எங்காளுதான்."

"உங்காளு பெரிய மனசுல சொல்லியிருப்பார்."

"உங்காளு மட்டும் சின்ன மனசுலயா சொன்னார்?"

"தப்பு எங்களோடது. விட்டுக் குடுக்க மாட்டோம்."

முதலாளியம்மா தலையைப் பிடித்துக்கொண்டாள். "இப்போ எதுக்கு அடிச்சுக்கறீங்க?"

"அம்மா" என்றார் எழுத்து வரைபவர், ஏணியிலிருந்தே. "மறந்தவர் ஒருத்தர், காத்தவர் ஒருத்தர்னு பேசித்தான் வந்தேன். இப்போ மறந்தவங்க ரெண்டு பேராயிட்டாங்க. காத்தவங்களும் ரெண்டு பேர் மாதிரி தெரியுது. நான் என்ன எழுதட்டும்?"

முதலாளியம்மா எழுந்து சுவரருகே போனாள். ஒரு படத்தைப் பார்த்தாள், மற்றொன்றைப் பார்த்தாள். வருடக்கணக்காகத் தன் வீட்டிலும் இந்தக் கதையை யாரும் முழுதாகச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்ததோ என்னவோ. குரல் தணிந்திருந்தது.

"இந்தப் பக்கம், 'நான்தான் மறந்தேன்' அப்படின்னு எழுதுங்க."

"அந்தப் பக்கம்?"

"அதையேதான். ஓர் எழுத்து மாறக் கூடாது. ஒரே கதை கேட்டேன், கிடைச்சிடுச்சு. நாள் அது பாட்டுக்கு இருக்கட்டும்."

தூரிகை சுவரில் ஓடத் தொடங்கியது. வரிசைகள் மெதுவாக மறுபடி உட்கார்ந்தன. பழக்கதோஷம், முதுகோடு முதுகாகத்தான். மனித மனம் ஒரே நாளில் திரும்பிவிடுவதில்லை. திரும்பத் தொடங்கினாலே கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான். கட்டை ஒரு வார்த்தையும் பேசாமல் தேநீர்ப் பானையை இரண்டு வரிசைக்கும் நடுவே தள்ளி வைத்தாள். ஏதோ கால் தட்டி நகர்ந்ததுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

மாவக்காவின் கையில் அந்த ரொட்டி இன்னும் இருந்தது. அடுப்பண்ணன் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவன் தட்டில் ஒன்றுமில்லை. தன் பங்கைத்தான் கோபத்தில் அவள் கையில் அழுத்திவிட்டானே. அவள் ரொட்டியை இரண்டாகப் பிய்த்தாள். பிய்த்ததில் ஒன்று பெரிதாகிவிட்டது. திரும்பிப் பார்க்காமலே பெரியதைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள்.

"இது எதுக்கு?" என்றான் அவன்.

"பசிக்கலையா?"

"பசிக்குது. அதுக்காக இதை வாங்கிட்டா சமாதானம் ஆயிட்டோம்னு நினைச்சுக்காதே."

"நினைக்கலை. கை வலிக்குது, வாங்கு."

வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. இருவருக்கும் இடையே ஒரு சாண் இடம்கூட இல்லை. அவன் முதுகின் சூடு அவளுக்குத் தெரிந்தது. நெருப்பருகே நின்று பழகிய உடம்பு.

"நாளைக்கு மாவு ஒழுங்காப் பொங்கி வரணும்" என்றான். "இந்த வாரம் மாதிரி கல்லு கல்லா அனுப்பாதே."

"பொங்கி வரும். நீ அடுப்பை ஒழுங்கா மூட்டு. வாசல்ல தண்ணி கொட்டாதே, நிஜமாவே எலும்பு உடைஞ்சிருக்கும்."

"ம்" என்றான் அவன். வாய் நிறைய ரொட்டி இருந்தது.